ஆய்வவையில் மக்கள் குரல்

நுழையும்முன்

அறிவியல் ஆய்வுக்குச் செலவிடப்படும் பணத்தில் பெரும்பங்கு மக்கள் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. எந்த நோயை முதலில் ஆராய்வது, எந்தக் கேள்விக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்பவர் யார்? அம்முடிவு எடுக்கப்படும் அறைக்குள் ஆய்வாளர் அல்லாதவர்க்கும் இடமுண்டா? புற்றுநோய் ஆய்வுநிதி தொடர்பாக அமெரிக்க நாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டுவரும் அனுபவத்தைக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரசிதழில் ஓர் அறிவிப்பு

அமெரிக்க அரசு வெளியிடும் கூட்டாட்சி அரசிதழில் ஆண்டுக்குச் சில முறை ஓர் அறிவிப்பு இடம்பெறுகிறது. தேசியப் புற்றுநோய் ஆலோசனை வாரியம் இன்ன நாளில், இன்ன இடத்தில் கூடவிருக்கிறது என்று அது தெரிவிக்கிறது. கூட்டத்தின் எந்தப் பகுதி பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், எந்தப் பகுதி மூடிய அறைக்குள் நடைபெறும், அவ்வாறு மூடுவதற்குச் சட்டத்தின் எந்தப் பிரிவு இடந்தருகிறது என்பனவும் அதில் குறிக்கப்படுகின்றன. கருத்துரைக்க விரும்புவோர் அதனை எழுதி எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் உண்டு.

படிப்பதற்குச் சுவையற்ற அறிவிப்புத்தான் அது. ஆயினும் கிராம சபைக் கூட்டத்திற்கு முன்னதாக நம் ஊர்களில் ஒட்டப்படும் அறிவிப்பைக் கண்டவர்களுக்கு அதன் உட்பொருள் எளிதில் விளங்கும். பொதுப்பணத்தைப் பற்றிப் பேசும் இடத்திற்குப் பொதுமக்கள் வரலாம் என்பதே அது. சாலையும் குடிநீரும் பேசப்படும் கூட்டத்தில் இவ்வுரிமையை எவரும் ஐயுறமாட்டார். உயிரணுக்களையும் மரபணுக்களையும் பற்றிப் பேசும் கூட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியருக்கோ வழக்கறிஞருக்கோ என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பு. இக்கேள்வியை அமெரிக்க அறிவியலாளர் பலரும் ஒரு காலத்தில் வெளிப்படையாகவே கேட்டனர்.

அறிஞர் அறுவரிலிருந்து பொதுமக்கள் வரை

1937ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின்வழித் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தை உருவாக்கியது. ஆண்டுக்கு 7 லட்சம் டாலர் வரை செலவிட அச்சட்டம் இடமளித்தது. வெளியிலிருந்து நிதி கேட்டு வரும் ஆய்வாளர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஓர் ஆலோசனைக் குழுவும் அப்போதே அமைக்கப்பட்டது. அக்குழுவில் இடம்பெற்ற அறுவரும் அறிவியல், மருத்துவ அறிஞர்களே. அறிவியலை மதிப்பிட அறிவியலாளரே தகுதியுடையவர் என்பது அக்காலத்தில் எவரும் மறுக்காத கருத்து.

அக்கருத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் மேரி லாஸ்கர் என்னும் பெண்மணி. அவர் மருத்துவரும் அல்லர், ஆய்வாளரும் அல்லர். விளம்பரத் துறையில் பெரும்பொருள் ஈட்டிய அவருடைய கணவர் ஆல்பர்ட் லாஸ்கர் 1952இல் புற்றுநோயால் மறைந்தார். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்ட மருத்துவர் சிட்னி ஃபார்பருடன் இணைந்து, மேரி லாஸ்கர் ஆய்வுநிதிக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களை ஓயாது வலியுறுத்தி வந்தார். 1969 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. குடியரசுத் தலைவர் நிக்சனை நேரே விளித்து, புற்றுநோயைக் குணப்படுத்த அவரால் இயலும் என்று அது கூறியது. லாஸ்கரின் நண்பர்கள் அமைத்த குழுவே அதனை வெளியிட்டது. ஒரு நோயை விளம்பரத்தால் வெல்ல முடியாது. எனினும் நிதியை வெல்ல முடியும் என்பதை லாஸ்கர் நன்கறிந்திருந்தார்.

அடுத்த ஆண்டு செனட் அவை அமைத்த ஆலோசகர் குழுவில் 26 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் 13 பேர் அறிவியலாளரும் மருத்துவரும். எஞ்சிய 13 பேர் துறைசாராதவர். தலைவராக அமர்ந்தவர் பென்னோ ஷ்மிட் என்ற முதலீட்டாளர். 1937இன் அறுவர் குழுவோடு இதனை ஒப்பிட்டால் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பது புலனாகும். 1971ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஆன் லேண்டர்ஸ் என்ற பெயரில் நாளிதழ்களில் அறிவுரைப் பகுதி எழுதிவந்த பெண்மணி, புற்றுநோய்ச் சட்டத்தை ஆதரித்துச் செனட் உறுப்பினர்களுக்கு எழுதுமாறு தம் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கான மடல்கள் வந்து குவிந்தன.

அறிவியலாளருள் பலர் இவ்வேகத்தைக் கண்டு அஞ்சினர். நோயின் அடிப்படை இன்னும் விளங்காத நிலையில், நாள் குறித்து வெற்றியை வாங்க முடியாது என்றனர். புற்றுநோய்க்கெனத் தனி அமைப்பு உருவானால் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கட்டுக்கோப்பு சிதையும் என்ற கவலையும் இருந்தது. செனட் அவையில் வாக்கெடுப்பு நடந்தபோது 79 பேர் ஆதரிக்க, கெய்லார்டு நெல்சன் ஒருவர் மட்டுமே எதிர்த்தார். புவி நாளைத் தொடங்கிவைத்தவரும் இவரே. அவருடைய எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே கூறவேண்டும். இறுதியில் பிரதிநிதிகள் அவையின் வற்புறுத்தலால் புற்றுநோய் நிறுவனம் பழைய கட்டமைப்புக்குள்ளேயே நீடித்தது. ஆனால், தன் நிதித்தேவையை இடையில் எவரும் குறைக்காதவாறு நேரடியாகக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் தனிச்சலுகையை அது பெற்றது. 1971 டிசம்பர் 23ஆம் நாள் நிக்சன் கையொப்பமிட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 150 கோடி டாலருக்கும் மிகுதியான செலவினத்திற்கு இசைவளித்தது.

வாரியத்தின் அமைப்பு

அச்சட்டம் உருவாக்கியதே தேசியப் புற்றுநோய் ஆலோசனை வாரியம். குடியரசுத் தலைவர் நியமிக்கும் உறுப்பினர் 18 பேர். ஒவ்வொருவரின் பதவிக்காலமும் ஆறாண்டு. அவர்களுள் 12 பேர் வரை அறிவியல், மருத்துவத் துறையினர். எஞ்சிய அறுவர் பொதுமக்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்படுவர். சட்டம், பொருளாதாரம், நிருவாகம், பொதுக்கொள்கை ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் அவர்களுள் இருக்க வேண்டும். சுற்றுச்சூழல், மருந்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு போன்ற அரசுத் துறைகளின் சார்பில் பதவிவழி உறுப்பினர்களும் உடனமர்வர். இவ்வாரியத்துடன், மூவர் மட்டுமே கொண்ட குடியரசுத் தலைவர் புற்றுநோய்க் குழுவும் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவராகப் பென்னோ ஷ்மிட்டே நியமிக்கப்பட்டார்.

மறு ஆண்டு, அதாவது 1972இல், வேறொரு சட்டம் வந்தது. அரசுக்கு ஆலோசனை கூறும் குழுக்கள் அந்நாட்டில் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தன. அவற்றுள் சில, தொழில் நிறுவனங்களின் நலனுக்காகக் கதவடைத்துப் பேசுகின்றன என்ற ஐயம் பரவியிருந்தது. கூட்டாட்சி ஆலோசனைக் குழுச் சட்டம் அதற்கு முடிவுகட்ட முயன்றது. கூட்டத்தை முன்கூட்டியே அரசிதழில் அறிவிக்க வேண்டும். பொதுமக்கள் வந்து அமரவும் கருத்துரை வழங்கவும் இடமளிக்க வேண்டும். யார் வந்தனர், என்ன பேசினர், என்ன முடிவெடுத்தனர் என்ற நடவடிக்கைக் குறிப்பைப் பேணி, கேட்பவர்க்குக் காட்ட வேண்டும். குழுவில் பல்வேறு கருத்துடையோரும் சமநிலையில் இடம்பெற வேண்டும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட அறிவிப்புக்கு வேர் இச்சட்டமே.

திறந்த பகுதியும் மூடிய பகுதியும்

வாரியக் கூட்டத்தின் திறந்த பகுதியில் நிறுவன இயக்குநர் தம் அறிக்கையை அளிப்பார். நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, புதிதாகத் தொடங்கவிருக்கும் திட்டங்கள் யாவை, முந்தைய திட்டங்களின் விளைவு என்ன என்பன பேசப்படும். உறுப்பினர்கள் கேள்வி கேட்பர். வெளியூரிலிருப்போர் இணையவழி ஒளிபரப்பில் இதனைக் காணவும் முடியும்.

பின்னர்க் கதவு மூடப்படும். தனித்தனி ஆய்வாளர்களின் நிதி விண்ணப்பங்கள் அப்போதுதான் எடுத்துக்கொள்ளப்படும். திறந்த அவை என்று முழங்கிவிட்டு முதன்மையான பகுதியை மூடிவைப்பது முரணாகத் தோன்றலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு விண்ணப்பத்தில் ஆய்வாளரின் இன்னும் வெளிவராத கருத்து அடங்கியிருக்கிறது; அது அவையில் வெளிப்பட்டால் வேறொருவர் அதனை எடுத்தாள வழியுண்டு. மேலும், விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை நிதி பெறாமலே போகின்றன. தம் ஆய்வு ஏன் தகுதியற்றது என்ற விவாதம் ஊரறிய நடப்பதை எந்த இளம் ஆய்வாளரும் விரும்பமாட்டார்.

அவ்விண்ணப்பங்கள் வாரியத்திற்கு வருமுன்பே ஒரு சல்லடையைக் கடந்திருக்கும். ஒரே துறையில் பணியாற்றும் அறிஞர்கள் கூடி ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவர். நம் தேர்வு முறைக்கு மாறாக, அங்கே 1 என்பதே மிக உயர்ந்த மதிப்பெண். அம்மதிப்பெண்களின் சராசரியைப் பத்தால் பெருக்கினால் இறுதி மதிப்பெண் கிடைக்கும். தம் மாணவருடைய அல்லது தம் நிறுவனத்தைச் சார்ந்தவருடைய விண்ணப்பம் வரும்போது மதிப்பீட்டாளர் எழுந்து அறையைவிட்டு வெளியேற வேண்டும். வாரியம் இரண்டாம் படியாகவே செயல்படுகிறது. முறையாக மதிப்பீடு நடந்ததா, நாட்டின் தேவையோடு இது பொருந்துகிறதா என்று பார்த்து அது பரிந்துரை வழங்கும். அறிஞர் இட்ட மதிப்பெண்ணை மாற்றாது.

இவ்வமைப்பில் துறைசாராத உறுப்பினர் ஆற்றும் பணி யாது? மதிப்பெண் இடுவதைக் காட்டிலும் அடிப்படையான ஒரு பணி அவருக்கு உண்டு. விண்ணப்பமாக எழுதப்படாமலே போகும் கேள்விகளை அவையின்முன் வைப்பதே அது. ஆய்வாளர் தமக்குத் தெரிந்த கருவியால் எட்டக்கூடிய வினாவையே பெரும்பாலும் எழுப்புவார். நோயோடு வாழ்பவரின் வினா வேறாக இருக்கலாம். இதனை ஒரு பெண்மணியின் வாழ்க்கை தெளிவாக்குகிறது.

ரோஸ் குஷ்னர் எழுப்பிய கேள்வி

ரோஸ் குஷ்னர் ஓர் இதழாளர். 1974இல் தம் மார்பகத்தில் கட்டி இருப்பதை உணர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் நிலவிய வழக்கம் இன்று நம்மைத் திடுக்கிடச் செய்யும். கட்டியுடன் வரும் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுப்பர். கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்து உடனே சோதிப்பர். புற்று எனத் தெரிந்தால், அவரை எழுப்பாமலேயே மார்பகத்தையும் அதனடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றிவிடுவர். கண்விழித்த பின்னரே தமக்குப் புற்றுநோய் இருந்ததா இல்லையா என்பதை அவர் அறிவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறை எழுபது, எண்பது ஆண்டுகளாக அவ்வாறே தொடர்ந்துவந்தது.

திசுச் சோதனையை மட்டும் முதலில் செய்யுங்கள். முடிவை அறிந்தபின் நான் சிந்தித்து ஒப்புதல் தருகிறேன் என்று குஷ்னர் கேட்டார். மருத்துவர் பலர் மறுத்தனர். தேடி அலைந்து, இசைந்தவரைக் கண்டபின், குறைந்த அளவிலான அறுவைக்காகப் பஃபலோ நகரம் வரை சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்று அறுவை நடைபெறவிருப்பதை அறிந்து, ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்ய வேண்டாமென்று தெரிவிக்க வெள்ளை மாளிகைக்கே தொலைபேசியில் அழைத்தார். அம்முயற்சி பலிக்கவில்லை.

குஷ்னர் வெறும் சினத்தோடு நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. மருத்துவ நூலகத்தில் அமர்ந்து ஆய்வேடுகளைப் படித்தார். சோதனைக்கும் அறுவைக்கும் இடையே சில நாள் கழிவதால் தீங்கு நேரும் என்பதற்குச் சான்று இல்லை என்பதைக் கண்டறிந்தார். 1975இல் அதனை நூலாக எழுதினார். இதே காலத்தில் பெர்னார்டு ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர், 1971இல் தொடங்கிய ஒப்பீட்டு ஆய்வின்வழி, ஹால்ஸ்டெட் முறை பிற முறைகளைவிடக் கூடுதல் ஆயுளைத் தருகிறதா என்று சோதித்து வந்தார். கூடுதல் பயன் இல்லை என்பதே அவர் கண்ட விடை. ஆய்வாளர் ஒருபுறமும் நோயாளி மறுபுறமும் தனித்தனியே ஒரே மரபை ஐயுற்றனர்.

1979இல் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் மார்பகப் புற்றுச் சிகிச்சை குறித்து ஓர் ஒருமித்த கருத்துக் கூட்டத்தை நடத்தின. அதன் குழுவில் துறைசாராத ஒரே உறுப்பினர் குஷ்னர். ஹால்ஸ்டெட் அறுவை இனி இயல்பான சிகிச்சையாக இருக்க வேண்டியதில்லை என்று அக்குழு அறிவித்தது. சோதனையும் அறுவையும் இரு வேறு படிகளாக நிகழ வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இடம்பெற்றது. மறு ஆண்டு குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவரைத் தேசியப் புற்றுநோய் ஆலோசனை வாரியத்தின் உறுப்பினராக நியமித்தார். 1990இல் அந்நோயாலேயே அவர் மறைந்தார்.

படைத்துறையின் பணத்தில் ஓர் ஆய்வுத்திட்டம்

தனியொருவராகக் குஷ்னர் செய்ததை அடுத்த தலைமுறையினர் இயக்கமாகச் செய்தனர். 1991இல் தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பு உருவானது. அதன் தலைவராகப் பொறுப்பேற்ற பிரான் விஸ்கோ, ஃபிலடெல்ஃபியா நகர வழக்கறிஞர். அந்நோய்க்கு ஆளாகி மீண்டவர். முதல் இயக்கத்திலேயே 6 லட்சம் மடல்களை அவர்கள் தலைநகருக்குக் கொண்டுசேர்த்தனர். அதன்பின் அவர்கள் செய்ததுதான் புதுமை. நிதியை உயர்த்துக என்று வாளா கேட்காமல், 1992 பிப்ரவரியில் அறிவியலாளர்களைத் தாமே அழைத்து விசாரணைக் கூட்டம் நடத்தினர். செய்யத்தக்க பணிகள் எவை, அவற்றுக்கு எவ்வளவு தேவை என்று கேட்டனர். கூடுதலாக 30 கோடி டாலர் வேண்டும் என்ற கணக்கு அக்கூட்டத்தில் உருவானது. இதுகாறும் மக்களை அழைத்து அறிவியலாளர் கூட்டம் நடத்தினர். இங்கோ நிலைமை தலைகீழானது.

அப்பணத்தை எங்கிருந்து எடுப்பது? பாதுகாப்புச் செலவினத்திலிருந்து ஒரு ரூபாயைக்கூட, அவர்கள் மொழியில் ஒரு டாலரைக்கூட, உள்நாட்டுச் செலவினத்திற்கு மாற்றலாகாது என்று அப்போது ஒரு நிதிவிதி இருந்தது. இருவகைச் செலவுக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் என்றே அதனைக் கூறினர். அயோவா மாநிலச் செனட் உறுப்பினர் டாம் ஹார்கின் அச்சுவரை உடைக்க முயன்று தோற்றார். பின்னர் அவருக்கு ஓர் எளிய வழி தென்பட்டது. பணம் சுவரைத் தாண்ட முடியாதெனில் ஆய்வையே சுவருக்கு அப்பால் கொண்டுசென்றால் என்ன? படைத்துறை ஏற்கெனவே மார்பகப் பரிசோதனைக்குச் சிறு தொகை செலவிட்டு வந்தது. அதனைப் பிடித்துக்கொண்டு, 1993ஆம் நிதியாண்டில் 21 கோடி டாலர் பாதுகாப்புத் துறையிடமே மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டது.

இத்தகைய ஆய்வை நடத்திப் பழகாத படைத்துறை, மருத்துவ உயர்கல்விக் கழகத்திடம் ஆலோசனை கேட்டது. பழைய வழக்கங்கள் ஏதும் இல்லாததால் புதிய வழக்கத்தை உருவாக்குவதும் எளிதாயிற்று. 1995 முதல், நோயிலிருந்து மீண்டவர்கள் விண்ணப்ப மதிப்பீட்டுக் குழுக்களிலேயே முழு வாக்குரிமையுடன் அமர்ந்தனர். முன்னர்க் கூறிய மூடிய கதவுக்குள் அவர்கள் நுழைந்துவிட்டனர் என்பதே இதன் பொருள். அவர்களை நோயாளர் அமைப்புகள் முன்மொழியும். கூட்டத்திற்கு முன் பயிற்சி அளிக்கப்படும். அறிவியலாளரைப் போலவே இரகசியம் காக்கும் உறுதிமொழியும் அவர்களுக்கு உண்டு.

அவர்கள் அங்குச் செய்வது என்ன? எடுத்துக்காட்டாக, ஓர் ஆய்வுத்திட்டம் நோயாளியிடமிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை திசு எடுக்க விரும்புகிறது என்று கொள்வோம். அறிவியலாளருக்கு அது மிகுந்த தரவு. வேதிச்சிகிச்சையின் களைப்பை அறிந்தவரோ, இதற்கு எவர் வருவார், பாதியில் எத்தனை பேர் விலகுவர் என்று கேட்பார். பாதிப்பேர் விலகிய ஆய்வு அறிவியல் முறையிலும் பயனற்றது. ஆகவே, இரக்கத்தின்பாற்பட்டதாகத் தோன்றும் அவ்வினா ஆய்வின் தரத்தைப் பற்றியதும் ஆகும். தொடக்கத்தில் தயங்கிய அறிவியலாளருள் பலர் இதனை நாளடைவில் ஏற்றுக்கொண்டனர்.

பதினேழுக்கு எதிராக ஒன்று

மக்கள் குரல் எப்போதும் சான்றின் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. 1997இல் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று.

மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படப் பரிசோதனை 50 வயதைக் கடந்த பெண்களுக்குப் பயனளிக்கிறது என்பதில் அப்போது பெரும் கருத்து வேறுபாடு இல்லை. நாற்பதுகளில் உள்ளவர்களுக்கு அதனைப் பரிந்துரைக்கலாமா என்பதே சிக்கல். அவ்வயதில் நோய் குறைவு. மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் தெளிவாக அமைவதும் அரிது. இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் முடிவுகளால் தேவையற்ற அச்சமும் திசுச் சோதனையும் நேரும். அவ்வாண்டு ஜனவரியில் கூடிய வல்லுநர் குழு, நாற்பதுகளில் உள்ள பெண்கள் அனைவருக்கும் ஒரே பரிந்துரை செய்யப் போதிய சான்று இல்லை. ஒவ்வொருவரும் தம் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம் என்றது.

நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. பெண்களின் உயிரைக் கணக்குப் பார்ப்பதா என்று கேட்டனர். பிப்ரவரியில் செனட் அவை 98 வாக்குகளுடன், ஒருவர்கூட எதிர்க்காமல், பரிசோதனைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஓர் அறிவியல் வினாவை வாக்கெடுப்பால் தீர்க்க முடியுமா என்று அவ்வவையில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்து, தேசியப் புற்றுநோய் ஆலோசனை வாரியத்தின் பக்கம் எல்லாருடைய பார்வையும் திரும்பியது. மார்ச் மாதத்தில் வாரியம் 17 வாக்குகளால், நாற்பதுகளில் உள்ள பெண்கள் ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளப் பரிந்துரைத்தது. எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே.

அந்த ஒரு வாக்கை அளித்தவர் கே டிக்கர்சின். நோய்ப்பரவலியல் அறிஞரான அவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவருங்கூட. முன்னர்க் கண்ட கூட்டமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர். நோயாளியின் குரல் என்றால் அது கூடுதல் சிகிச்சையையும் கூடுதல் பரிசோதனையையும் கேட்கும் குரலாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பை அவர் பொய்யாக்கினார். சான்று எவ்வளவோ அவ்வளவே சொல்வதுதான் நோயாளிக்குச் செய்யும் நன்மை என்பது அவர் நிலைப்பாடு. அவ்வினாவோ அன்றைய வாக்கெடுப்போடு தீர்ந்துவிடவில்லை. 2009இல் தடுப்புச் சேவைகளுக்கான அமெரிக்கப் பணிக்குழு, பொதுவாக 50 வயதில் தொடங்கலாம் என்றது. 2024இல் அதே பணிக்குழு 40 வயதிலேயே தொடங்கி ஈராண்டுக்கு ஒருமுறை செய்யலாம் என்று தன் பரிந்துரையை மாற்றியது. பின்னாளில் பரிந்துரை எப்பக்கம் சாய்ந்தது என்பதைக் கொண்டு 1997இன் வாக்குகளை எடைபோடுவது பொருந்தாது. அன்று கையிலிருந்த சான்றைக் கொண்டே எடைபோட வேண்டும். அவ்வகையில் அந்தத் தனி வாக்கு மதிக்கத்தக்கது.

அவைக்கு வாராதவர்கள்

திறந்த கதவு எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. வேலைநாளில் நடக்கும் கூட்டத்திற்கு அன்றாடக் கூலி பெறுபவர் வருவது கடினம். ஆயினும் இதைவிடக் கொடியதோர் ஏற்றத்தாழ்வு இந்நோயிலேயே அடங்கியிருக்கிறது. மார்பகப் புற்றிலிருந்து மீள்வோர் பலர். ஆகவே அமைப்பாகத் திரளவும், மடல் எழுதவும், ஆண்டுக்கணக்கில் குழுக்களில் அமரவும் அவர்களால் முடிகிறது. 1993இல் பிரான் விஸ்கோவின் கூட்டமைப்பு குடியரசுத் தலைவர் கிளின்டனிடம் 26 லட்சம் கையொப்பங்களை அளித்தது. அமெரிக்கப் பெண்களுள் 1987 முதல் மார்பகப் புற்றைவிட நுரையீரல் புற்றால் இறப்பவரே மிகுதி. எனினும் அந்நோய்க்கு அத்தகைய பேரியக்கம் எழவில்லை. மீண்டவர் சிலரே, புகைத்ததால் தாமே தேடிக்கொண்டது என்ற பழிச்சொல்லும் அவர்களை வாயடைக்கச் செய்தது. கணையப் புற்றின் நிலை இன்னும் துயரமானது. 2010களின் தொடக்கத்தில், நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டு கழிந்தபின் உயிருடனிருந்தவர் நூற்றுக்கு 6 பேர் அளவிலேயே இருந்தனர். அவை கூடும்போது வந்து பேசுவதற்கு ஆளில்லை.

ஆகவே அவர்களுக்காகக் குடும்பத்தினர் வந்தனர். தாயை, தந்தையை, துணையை இழந்தவர்கள் 1999இல் கணையப் புற்றுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். இத்தகையோரின் நெடுநாள் வேண்டுதலால், எளிதில் வசப்படாத புற்றுநோய்கள் குறித்த சட்டம் 2012இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2013 ஜனவரியில் கையொப்பம் பெற்றது. இச்சட்டம் எந்த நோய்க்கும் இவ்வளவு தொகை என்று கட்டளையிடவில்லை. கணையப் புற்று, சிற்றணு நுரையீரல் புற்று ஆகிய இரண்டுக்கும் இதுவரை அறிந்தவை எவை, இனி ஆராய வேண்டுவன எவை என்று ஓர் அறிவியல் திட்டவரைவு எழுதி அளிக்குமாறு தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைப் பணித்தது. பணத்தைக் கேட்பதைவிடக் கேள்வியைக் கேட்பது நல்லது என்று அக்குடும்பங்கள் கற்றிருந்தன போலும்.

2014இல் அளிக்கப்பட்ட கணையப் புற்றுத் திட்டவரைவு நான்கு திசைகளைச் சுட்டியது. திடீரெனத் தோன்றும் நீரிழிவுக்கும் கணையப் புற்றுக்கும் உள்ள தொடர்பை அறிதல் அவற்றுள் ஒன்று. நோயை முன்னரே கண்டறியும் அடையாளங்களைத் தேடுதலும், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் துணைக்கொள்ளுதலும் வேறு இரண்டு. நான்காவது, ராஸ் என்னும் மரபணு வகையைக் குறிவைக்கும் சிகிச்சை. கணையப் புற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலானவற்றில் இவ்வகை மரபணு ஒன்று பிறழ்ந்திருக்கிறது. அதனை மருந்தால் தொட முடியாது என்று பல ஆண்டுகளாகக் கைவிட்டிருந்தனர். 2013இல் அம்மரபணுவுக்கெனத் தனி ஆய்வு முயற்சியை நிறுவனம் தொடங்கியது. அம்முயற்சி நடைபெறும் ஃபிரெடெரிக் தேசிய ஆய்வகம் ஃபோர்ட் டெட்ரிக் என்னுமிடத்தில் உள்ளது. ஒரு காலத்தில் உயிரியல் போர்க்கருவிகளுக்கான ஆய்வுக்கூடமாக இருந்த அவ்விடத்தின் ஒரு பகுதியை 1971 அக்டோபரில் புற்றுநோய் ஆய்வுக்கு மாற்றித் தந்தவர், அவ்வாண்டின் இறுதியில் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையொப்பமிட்ட அதே நிக்சன்.